வானத்தைத் திரையில் வரைய எந்தக் கருவி? முற்றத்துத் தடியோடு ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15ஆம் திகதி அளவில், நடுப்பகல் 12.10க்கு, நிமிர்த்தி நட்ட தடிக்கு நிழல் விழாது. சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஃபோனில் விரலால் தள்ளிப் பார்க்கிற படமாகச் செய்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று போன வருடம் ஓர் ஆசை வந்தது. நான் பகலில் கணக்கு எழுதுகிறவன். நிரல் எழுதத் தெரியாது. ஏஐயிடம் சொன்னேன். ஒரு மணித்தியாலத்துக்குள் தடி, வெயில், நிழல், மாதத்தையும் நாளையும் மாற்ற இரண்டு ஸ்லைடர் எல்லாம் திரையில் வந்துவிட்டன. ஏப்ரல் 15க்குத் தள்ளினேன். ஒரு மீற்றர் தடிக்கு 16 சென்ரிமீற்றர் நிழல், தெற்குப் பக்கமாகக் கிடந்தது.

"இந்த நாளில் நிழல் வரக்கூடாதே" என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டது, திருத்தியது, நிழல் மறைந்தது. நானும் சந்தோஷமாகப் படுக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் அக்காவின் மகள் வந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். ஆனி மாதம், ஜூன் 21ஐ ஒட்டிய ஒரு நாள். அன்றைய திகதியை ஸ்லைடரில் வைத்தாள். திரையில் நிழல் 3 சென்ரிமீற்றர். ஒன்றும் பேசாமல் முற்றத்துக்குப் போய், ஒரு மீற்றர் வெளியே நிற்கும்படி தடியை நட்டு, 12.12க்கு அடிமட்டத்தை வைத்து அளந்தாள்.

"மாமா, இஞ்ச வந்து பாருங்கோ. இருபத்தஞ்சு கிட்ட வருது. உங்கட படம் பிழை."

பிழை எங்கே என்று பிடிக்க இரண்டு இரவு போயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழி மாதங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணும். ஜனவரி 0, ஏப்ரல் 3. ஏஐ எழுதிய நிரல் ஏப்ரலுக்கு 4 என்று கொடுத்திருந்தது. ஆகவே நான் பார்த்தது மே 15இன் சூரியன். அதையாவது மன்னிக்கலாம். அது செய்த "திருத்தம்" தான் பொல்லாதது. காரணத்தைத் தேடாமல், சூரியன் இருக்கும் கோணத்திலிருந்து 9 பாகைக்குச் சற்று மேலே வெட்டி எறிந்திருந்தது, நான் கேட்ட அந்த ஒரு நாளில் மட்டும் நிழல் பூச்சியமாக வரும்படி. ஐந்தொகை பொருந்தவில்லை என்றால் எங்கேயாவது ஒரு வரியைச் சொருகிச் சமப்படுத்துகிற புதுப் பையன்களை எனக்குத் தெரியும். அதே வேலைதான்.

அன்றிலிருந்து எந்தக் கருவி நல்லது என்று யாராவது கேட்டால், எது வடிவாக வரையும் என்று நான் பார்ப்பதில்லை. இப்போது எல்லாமே வடிவாகத்தான் வரைகின்றன. பிழை விட்டால் எதில் எனக்குச் சீக்கிரம் தெரியவரும் என்றுதான் பார்க்கிறேன். நிரல் தெரியாதவனுக்கு அதுதான் முதல் கேள்வி. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கண்ணால் பார்த்தது; நிரல் நன்றாகத் தெரிந்தவருக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

முதலில் பி5.ஜேஎஸ். ப்ராசஸிங் என்ற பழைய வரைகருவியின் ஜாவாஸ்கிரிப்ட் வாரிசு. ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம். வட்டம் போடு, கோடு போடு, நிறம் பூசு என்பது போன்ற எளிய கட்டளைகள் என்பதால், நிரல் தெரியாத எனக்கே வாசித்தால் பாதி விளங்குகிறது. அந்த மாதப் பிழையை நானே கண்டுபிடித்ததும் அதனால்தான். எழுதியதை வட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுகிறவர் ஃபோனில் திறந்து பார்க்கலாம். ஏஐகளுக்கும் இது நல்ல பழக்கம். இணையத்தில் இதற்கு மாதிரிகள் கொட்டிக் கிடக்கின்றன. குறை என்னவென்றால், ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒவ்வொரு கணமும் திரும்பத் திரும்ப வரையச் சொன்னால் மலிவு ஃபோன் திணறும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் யேல் பட்டியலில் சுமார் 9,100 பதிவுகள் உள்ளன. அவற்றை ஒருதரம் தனித்தாளில் வரைந்து வைத்து, அந்தத் தாளையே காட்டும்படி ஏஐயிடம் சொன்னால் சமாளிக்கலாம். சொல்லாவிட்டால் அது அப்படிச் செய்யாது.

அடுத்தது த்ரீ.ஜேஎஸ். 2010இல் வெளிவந்தது. இதுவும் உலாவியிலேயே ஓடும்; ஆனால் முப்பரிமாணம். பூமியைச் சுழற்றலாம், சனியின் வளையத்துக்குள் புகுந்து வரலாம், ஒரு லட்சம் நட்சத்திரங்களைத் தூவினாலும் அசராது. ஏஐயிடம் "சூரிய குடும்பம் செய்து தா" என்று ஒரு வரி சொன்னாலே வாயைப் பிளக்க வைக்கும் ஒன்று வந்துவிடும். இங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்குகிறது. வாயைப் பிளந்தவன் அடிமட்டத்தைத் தேடமாட்டான்.

அளவைப் பாருங்கள். சூரியனை ஒரு மீற்றர் பந்தாக நல்லூர்க் கோயில் வாசலில் வைத்தால், பூமி 9 மில்லிமீற்றர் மணி. அது 107 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். நெப்டியூன் 3.2 கிலோமீற்றர் தூரத்தில், யாழ் பஸ் நிலையத்தையும் தாண்டி. இதே விகிதத்தை ஃபோன் திரையில் வைத்தால் சூரியனே ஒரு புள்ளிக்குக் காணாது. ஆகவே எல்லாச் சூரிய குடும்பப் படங்களும் கோள்களைப் பல நூறு, பல ஆயிரம் மடங்கு ஊதிக் காட்டுகின்றன. அதில் தவறில்லை, சொல்லிவிட்டுச் செய்தால். ஏஐ சொல்லாமல் செய்யும். "தூரம் ஒரு விகிதம், பருமன் வேறொரு விகிதம், இரண்டையும் திரையின் கீழே எழுது" என்று நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, உண்மையான அளவையே கொடுப்போம் என்று கிலோமீற்றரில் எண்களைப் போட்டேன். சந்திரன் நடுங்கத் தொடங்கியது. கிராஃபிக்ஸ் பகுதி எண்களைச் சுமார் ஏழு இலக்கத்துக்குத்தான் நினைவில் வைக்கும். சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீற்றர் தள்ளி நிற்கும் ஒரு பொருள், அங்கே 16 கிலோமீற்றர் படிகளாகத்தான் நகர முடியும். கிட்டப் போய்ப் பார்த்தால் துள்ளும். பார்க்கிற இடத்தையே மையமாக வைத்து எண்களைச் சின்னதாக்க வேண்டும் என்பது தீர்வு. ஏஐக்கு அந்தத் தீர்வு தெரியும். ஆனால் நடுக்கத்துக்குக் காரணம் இதுதான் என்று அது ஊகிப்பதற்குள் என் இலவச ஒதுக்கீடு முடிந்துவிட்டது.

மூன்றாவது, பைதன். அதில் ஸ்கைஃபீல்ட் என்ற நிரல் தொகுப்பு. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் கணித்த கோள் நிலைகளை எடுத்துக் கணக்குப் போடும். டிஇ421 என்ற கோப்பு சுமார் 17 எம்பி. 1900 முதல் 2050 வரைக்கும் போதும். ஒருதரம் இறக்கிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. நான் பார்த்தவற்றில் எண்ணுக்கு மிக நம்பகமானது இதுதான். ஆனால் இதில் செய்ததை அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. ஸ்லைடர் வைக்கலாம், ஆனால் பார்க்கிறவருடைய கணினியிலும் பைதன் வேண்டும்.

தமிழ் எழுத்து இன்னொரு தலையிடி. பைதனில் படம் வரைகிற மேட்பிளாட்லிப் தொகுப்பில் திசைகளைத் தமிழில் எழுதச் சொன்னேன். "மேற்கு" என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு மகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. "கு" என்பது ககரமும் தனியே ஒரு கொக்கியுமாகப் பிரிந்து கிடந்தது. எழுத்துரு மாற்றினேன், பயனில்லை. எழுத்துகளைக் கோத்து அடுக்கும் வேலையை அது செய்யவில்லை. உலாவி செய்கிறது. அதனால் பி5இன் சாதாரண இருபரிமாண வரைவில் தமிழ் ஒழுங்காக வரும். த்ரீ.ஜேஎஸ்ஸில் எழுத்தையே முப்பரிமாணப் பொருளாக்கினால் மறுபடி அதே கொம்புக் கதை. படத்துக்கு மேல் சாதாரண எச்டிஎம்எல் எழுத்தாக மிதக்கவிட்டால் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் ஒப்பீடுகளில் இது ஒருபோதும் வராது. நமக்கோ இதுதான் முதல் நாளே கண்ணில் குத்தும்.

ஸ்டெல்லேரியத்தையும் சொல்லவேண்டும். இலவச மென்பொருள், யாழ்ப்பாணத்தை இடமாக வைத்தால் இன்றிரவு வானம் அப்படியே திரையில். உள்ளேயே குறுநிரல் எழுதி நாட்களை ஓட்டிக் காட்டலாம். ஒரு வகுப்புக்கு வானத்தைக் காட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் வேறெதையும் தேட வேண்டாம், இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்கிற ஆசை இதில் தீராது என்பதுதான் குறை. அத்தோடு இந்தக் குறுநிரலுக்கு ஏஐ இல்லாத கட்டளைகளை இருப்பதுபோல எழுதித் தந்து என்னை அலைக்கழித்தது. நான் இதைச் சரிபார்க்கும் கண்ணாடியாக வைத்திருக்கிறேன்.

கோடோ, யூனிட்டி போன்ற விளையாட்டு இயந்திரங்களையும் ஒரு வாரம் தொட்டுப் பார்த்தேன். மாட்டுவண்டி ஓடும் ஒழுங்கைக்குள் லொறியை விட்டதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.

கருவியைவிட முக்கியமான ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் பலரும் தெரிவு என்றே நினைப்பதில்லை. சூரியன் எங்கே நிற்கிறது என்ற கணக்கை யார் போடுவது? ஏஐயே சூத்திரம் எழுதட்டுமா, இல்லை ஏற்கனவே பரிசோதித்த தொகுப்பு ஒன்றை அது கூப்பிடட்டுமா?

ஏஐயிடம் விட்டால் சூத்திரம் பெரும்பாலும் சரியாகத்தான் வரும். பிழைகள் அதன் ஓரங்களில் ஒளிந்திருக்கும். பாகையில் வேண்டியதை ரேடியனில் கொடுப்பது, திசையைச் சிலர் வடக்கிலிருந்தும் சிலர் தெற்கிலிருந்தும் அளப்பதைக் கலந்துவிடுவது, இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதை இரண்டு தரம் கூட்டுவது. அத்தோடு இடம் பற்றிய ஒரு பாரபட்சம் உண்டு. அது படித்த உதாரணங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவும் அமெரிக்காவும். அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது; ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை எங்கள் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். எனக்கு வந்த ஒரு நிரலில் நடுப்பகல் நிழல் வருடம் முழுக்க வடக்கே பார்த்தது. இன்னொன்றில் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் தொங்கியது. எங்கள் வளவில் அது பத்துப் பாகை உயரம்தான். பனை வடலிக்குப் பின்னால் போனால் தேடத்தான் வேண்டும். மாறாக, தெற்கே அகத்தியர் நட்சத்திரமும் தென்சிலுவையும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை அந்த நிரல் வரையவே இல்லை.

தொகுப்பிடம் விட்டால் இந்தத் தொல்லைகளில் பாதி போய்விடும். உலாவிக்கு அஸ்ட்ரோனமி எஞ்சின் என்று ஒன்று உண்டு. இலவசம், சின்னக் கோப்பு, பெரிய தரவு எதையும் இறக்கத் தேவையில்லை. அதன் பிழை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குள் இருக்கும்படி செய்திருக்கிறார்கள்; சந்திர வட்டின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொள்ளலாம். முற்றத்தில் அடிமட்டத்தோடு நிற்கிறவனுக்கு இது தாராளம். இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியனின் உயரமும் திசையும் தரும். ஓரிடத்தில் தெரியும் கிரகணத்தைத் தேடியும் தரும். ஏஐக்கு மிஞ்சுவது வரைகிற வேலை. அதில் அது கெட்டிக்காரன். அதில் விட்ட பிழை கண்ணுக்கும் தெரியும்.

இனி ஏஐயை எப்படி வைத்துக்கொள்வது. உரையாடல் பெட்டியில் கேட்டு, நிரலை வெட்டி ஒட்டுவது ஒரு வழி. கணினிக் கோப்புகளுக்குள் தானே புகுந்து எழுதி, ஓட்டி, திருத்துகிற உதவியாளர் இன்னொரு வழி. இரண்டாவது வேகமானதுதான். ஆனால் நான் தேநீர் ஊற்றி வருவதற்குள் ஐந்து கோப்புகளை மாற்றிவிடும். எது ஏன் மாறியது என்று எனக்குத் தெரியாது. நானூறு வரிக்குள் அடங்கும் ஒரே கோப்புக்கு உரையாடல் பெட்டி போதும் என்பது என் முடிவு. காசு கட்டுவதா என்றால், பெயர்பெற்றவை மாதம் 20 டொலர் அளவில் கேட்கின்றன. வார இறுதிப் பொழுதுபோக்குக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை; இலவச ஒதுக்கீடு முடிந்தால் மறுநாள் பார்ப்பேன். அந்த இடைவெளியில்தான் நிரலை வாசிக்கிறேன், அதுவும் நல்லதுதான்.

எந்த வழியாக இருந்தாலும், வரையச் சொல்லும் முன்பே சோதனை எண்களைக் கொடுத்துவிடுகிறேன். ஒரு மீற்றர் தடிக்கு ஏப்ரல் 15 பகல் 12.10க்கு நிழல் பூச்சியம். ஜூன் 21 பகல் 12.12க்கு தெற்கே 24.5 சென்ரிமீற்றர், டிசம்பர் 21 பகல் 12.08க்கு வடக்கே 65. கடிகாரம் 12ஐத் தாண்டித்தான் உச்சி வரும், ஏனென்றால் இலங்கை நேரம் 82.5 பாகைக் கோட்டுக்கானது. யாழ்ப்பாணம் 80 பாகையில் கிடக்கிறது, பத்து நிமிடம் பின்னால். "பக்கம் திறந்ததும் இந்த மூன்றையும் கணக்கிட்டு ஓரத்தில் எழுது, பொருந்தாவிட்டால் சிவப்பில் காட்டு" என்று கேட்பேன். பிழை வந்தால் "பூச்சியமாக்கு" என்று சொல்வதில்லை. "ஏன் இப்படி வருகிறது என்று முதலில் சொல்லு, நிரலைத் தொடாதே" என்பேன். இந்த ஒரு வசனம் மிச்சப்படுத்திய இரவுகள் பல.

அடுத்து செய்ய வைத்திருப்பது வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும். புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டு பஞ்சாங்கத்திலும் வேறு வேறாக வருவதும், வீட்டில் எதைப் பார்த்து மருத்துநீர் வைப்பது என்று வாக்குவாதம் வருவதும் இங்கே வருடா வருடம் நடப்பது. ஒரே வட்டத்தில் இரண்டு சந்திரனை ஓட்டி, எங்கே விலகுகிறார்கள் என்று காட்டினால் எப்படி இருக்கும்? இதற்கு முப்பரிமாணம் வேண்டாம், பி5 போதும். திருக்கணிதப் பக்கத்துக்கு அஸ்ட்ரோனமி எஞ்சின் இருக்கிறது. வாக்கியப் பக்கம் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் எழுத்தாக மறைத்த எண். அவற்றை ஏஐயிடம் கேட்கவே கூடாது. கேட்டால் தயங்காமல் புனைந்து தரும். அச்சில் உள்ளதைப் பார்த்து நானேதான் தட்டச்சுச் செய்ய வேண்டும். இந்த ஊருக்கு இப்படிக் கணக்கை வானத்தோடு ஒத்துப் பார்க்கிற பழக்கம் புதிதல்ல. 1829இல் ஒரு சந்திர கிரகணத்தை வைத்து, வட்டுக்கோட்டைச் செமினரியின் அமெரிக்க மிஷனரி டானியல் பூவரும் அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கமும் மோதியது தெரிந்த கதை.

ஆக, இப்போதைக்கு என் மேசையில் இருப்பது இதுதான்: வரைய பி5, கணக்குக்கு அஸ்ட்ரோனமி எஞ்சின், சந்தேகம் வந்தால் சாட்சிக்கு ஸ்கைஃபீல்ட். பி5, எஞ்சின் கோப்புகள் இரண்டையும் இணையத்திலிருந்து இழுக்காமல் எச்டிஎம்எல்லுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், பென் டிரைவில் போட்டு இணையம் இல்லாத வகுப்பறையிலும் திறக்கலாம்.

மருமகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2010 ஜனவரி 15 மத்தியானமும் 2019 டிசம்பர் 26 காலையும் வளையக் கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணத்தின் மேலால் போனது. முதலாவது நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. அந்த நிழல் பாக்கு நீரிணையைக் கடந்து எங்கள் ஊருக்குள் வருவதை மேலே நின்று பார்க்கவேண்டுமாம். அதற்கு த்ரீ.ஜேஎஸ் தான் வேண்டும், வேறு வழியில்லை. நடுக்கத்தை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். எந்த நிமிடத்தில் வளையம் மூடியது என்று ஊரில் கேட்டுக் குறித்துக்கொண்டு திரிகிறாள், படத்தோடு ஒத்துப் பார்க்க.

தடி இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறது. கோழி இரண்டு தரம் சாய்த்துவிட்டது. நூல்குண்டு கட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறோம். ஆகஸ்ட் 28 அளவில் நிழல் மறுபடி மறையும், 12.11க்கு.